‘சும்மா விசாரணைதான்’ என்று மகனைக் கூட்டிப்போனார்கள்

கேள்வி: எனக்கு 62 வயது, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. தென் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். மகனுக்கு 23 வயது, செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். போன வாரம் வியாழக்கிழமை இரவு படுக்கப்போகும் நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். திருட்டு போன் ஒன்று அவன் கடைக்கு வந்திருக்கிறது, சும்மா விசாரணைதான், பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவோம் என்று சொல்லி பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் சாயங்காலம்தான் விட்டார்கள். அடித்தார்களா என்று கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறான். எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவனுடைய போனையும் வைத்துக்கொண்டார்கள். இப்போது தினமும் காலையில் வந்து உட்காரச் சொல்கிறார்கள். நேற்று ‘உங்கம்மாவையும் கூட்டிட்டு வா’ என்றார்களாம். பக்கத்து வீட்டு ஆசிரியர் டி.கே.பாசு தீர்ப்பு என்று ஒன்று இருக்கிறது என்கிறார். என் மைத்துனரோ, எழுதிக் கொடுத்தால் வம்புதான் வரும், பேசாமல் இரு என்கிறார். டெல்லியில் சொன்ன தீர்ப்பு எங்கள் ஊர் ஸ்டேஷனில் செல்லுமா?

பதில்:

ஐயா, செல்லும். உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் நாட்டில் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 141வது பிரிவே சொல்கிறது, அதில் உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் அடக்கம். ஆனால் தீர்ப்பு இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதால் மட்டும் எதுவும் நடக்காது. அதைத் தாளில் எழுதி நாம்தான் எடுத்துப் போக வேண்டும். உங்கள் மைத்துனர் எதைச் செய்யாதே என்கிறாரோ அதையே செய்யச் சொல்லப் போகிறேன், ஏன் என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ‘படுக்கப்போகும் நேரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ‘மறுநாள் சாயங்காலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது போதாது. இன்று ராத்திரியே மனைவியோடும் மகனோடும் உட்கார்ந்து மணியைக் கண்டுபிடியுங்கள். போலீஸ் வந்தபோது டிவியில் எந்த சீரியல் ஓடியது, பைக் கிளம்பியதும் மைத்துனருக்கு போன் செய்திருப்பீர்களே, அந்த அழைப்பு எத்தனை மணிக்கு என்று உங்கள் போனிலேயே இருக்கும். மறுநாள் எந்த பஸ்ஸில் போய் அவனைக் கூட்டி வந்தீர்கள், டிக்கெட் சட்டைப்பையில் கிடக்கிறதா பாருங்கள், அதில் நேரம் அச்சாகியிருக்கும். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் வக்கீல் தொழிலுக்கு வந்த காலத்தில், யாரையாவது போலீஸ் தூக்கிவிட்டது என்று குடும்பம் ஓடி வந்தால் என் சீனியர் முதலில் கேட்கிற கேள்வி ‘தந்தி அடிச்சாச்சா?’ என்பதுதான். அழுகிறவர்களிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று எனக்கு அப்போது சங்கடமாக இருக்கும். தந்தியில் தேதியும் மணியும் அரசாங்கமே குத்திக் கொடுக்கும், அதை அப்புறம் யாரும் மாற்ற முடியாது என்பது பின்னால்தான் புரிந்தது. 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் ஸ்பீட் போஸ்ட்டும் மின்னஞ்சலும் இருக்கின்றன.

மணிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன் என்றால், ‘சும்மா விசாரணை’ என்ற சொல்லுக்குக் கடிகாரம் கிடையாது, அதனால்தான் அந்தச் சொல் ஸ்டேஷனில் இவ்வளவு புழங்குகிறது. கைது என்று எழுதினால் நேரம் எழுத வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணை என்று சொல்லிவிட்டால் இதில் எதுவும் வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கைது செய்வது ஒரு நாள், கைது ‘காட்டுவது’ இன்னொரு நாள் என்று எங்கள் கோர்ட் வராந்தாவில் சாதாரணமாகவே பேசிக்கொள்வார்கள், அவ்வளவு தூரம் பழகிப்போயிருக்கிறது.

இந்த வித்தை உச்ச நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. 1994 ஜனவரி 7ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் ஜோகிந்தர் குமார் என்ற 28 வயது வழக்கறிஞரை, ஒரு விசாரணை இருக்கிறது என்று காஜியாபாத் மாவட்டப் போலீஸ் தலைவரான எஸ்.எஸ்.பி.யின் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். காலை பத்து மணிக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய சகோதரர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அன்று மதியம் 12.55க்கு முதலமைச்சருக்குத் தந்தி அடித்தார். மறுநாள் கேட்டால் விசாரணைக்காக வைத்திருக்கிறோம் என்றார்கள், அதற்கடுத்த நாள் ஸ்டேஷனுக்குப் போனால் ஆளை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள். குடும்பம் நேராக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போட்டது. நோட்டீஸ் போன பிறகு அந்த அதிகாரி, ஜோகிந்தரைக் கூட்டிக்கொண்டு 14ஆம் தேதி கோர்ட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? இவரை நாங்கள் காவலில் வைக்கவே இல்லை, சில வழக்குகளில் துப்புத் துலக்க உதவி கேட்டோம், அவரும் ஒத்துழைத்தார் என்றார். ஐயா, இது உங்கள் மகனிடம் சொன்ன அதே வார்த்தைதான்.

அந்த வழக்கில் தலைமை நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அமர்வு 1994 ஏப்ரலில் தந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: கைது செய்ய அதிகாரம் இருக்கிறது என்பது ஒன்று, அதை இந்த ஆள் மீது இப்போது பயன்படுத்த நியாயம் இருக்கிறதா என்பது வேறொன்று, இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் முதலாவதைக் காட்டித் தப்பிக்க முடியாது. தேசிய போலீஸ் கமிஷனே தன் அறிக்கையில், நடக்கிற கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை என்று எழுதியிருந்தது, அதையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். கைதாகிறவர் தன் ஆள் ஒருவருக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், அது அவர் உரிமை என்பதும் அந்தத் தீர்ப்பில் தெளிவாக வந்தது.

உங்கள் மகன் விஷயத்தைப் படித்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இதுகூட இல்லை, ஒடிசாவில் நடந்த ஒன்று. அதுவும் திருட்டு விசாரணைதான். 1987 டிசம்பர் 1, காலை எட்டு மணி, சுந்தர்கட் மாவட்டத்தில் ஜெராய்கேலா புறக்காவல் நிலையத்து உதவி எஸ்.ஐ. வந்து சுமன் பெஹெரா என்ற 22 வயதுப் பையனை வீட்டிலிருந்து கூட்டிப்போனார். அன்று இரவு எட்டு மணிக்கு அம்மா நீலாவதி பெஹெரா சோறு எடுத்துக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போனார், பையன் சாப்பிட்டான், அம்மா வீடு திரும்பினார். மறுநாள் அவன் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது, கையில் விலங்கோடு. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு ஓடிவிட்டான், ரயிலில் அடிபட்டுவிட்டான் என்று போலீஸ் சொன்னது. அந்த அம்மா 1988 செப்டம்பர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வக்கீல் வைத்து மனு தயாரித்து முத்திரை ஒட்டி அல்ல, வெறும் கடிதம். நீதிமன்றம் அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது.

அந்த இரவு எட்டு மணிச் சோறு வழக்கில் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். எட்டு மணிக்கு அவன் உயிரோடு, உள்ளே, போலீஸ் பொறுப்பில் இருந்தான். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்ல வேண்டிய கடமை முழுக்க அவர்களுடையது. தப்பி ஓடினான் என்றால் தேடினீர்களா, எங்கே தேடினீர்கள் என்று கேட்டபோது நம்பும்படியான பதில் இல்லை. உடலில் இருந்த காயங்கள் தடியால் அடித்தவை போலிருந்ததை மருத்துவச் சான்று காட்டியது. 1993 மார்ச்சில் நீதிபதி வர்மா அமர்வு, அது காவலில் நடந்த சாவு என்று முடிவு செய்து, ஒன்றரை லட்சம் ரூபாயை அந்தத் தாய்க்கு ஒடிசா அரசு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. தொகையைப் பார்க்காதீர்கள், ஒரு பிள்ளைக்கு அது ஈடாகுமா. அடிப்படை உரிமையை மீறினால் அரசாங்கமே பணம் கட்ட வேண்டும், ‘அரசனைக் கேள்வி கேட்க முடியாது’ என்ற பழைய வாதம் இங்கே எடுபடாது என்று அன்றைக்கு உறுதியாயிற்று. இன்றும் காவல் மரண வழக்கில் இழப்பீடு கேட்கும்போது நாங்கள் முதலில் நீட்டுவது அந்தத் தாயின் வழக்கைத்தான்.

டி.கே.பாசுவும் அப்படியே ஒரு கடிதம்தான். அவர் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர். லாக்கப் சாவுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை வைத்து 1986 ஆகஸ்ட் 26ஆம் தேதி இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதினார், பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 18ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதில் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் ஆனந்தும் 11 கட்டளைகள் போட்டார்கள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணில் படும் இடத்தில் அவற்றை வைக்கவும் சொன்னார்கள். அந்தப் பலகை உங்கள் ஊர் ஸ்டேஷன் சுவரிலும் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். கைது செய்கிற போலீஸ்காரரின் பெயர்ப்பட்டை தெரிய வேண்டும். கைது செய்த நேரத்தையும் தேதியையும் எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தத் தெருவில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட, கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். உடம்பில் காயம் இருந்தால் அங்கேயே குறிக்க வேண்டும், கேட்டால் அந்தக் குறிப்பின் நகல் தர வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், விசாரணை முழுக்க அவர் கூடவே இருக்க முடியாவிட்டாலும். மீறுகிறவர் மீது துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும் பாயும்.

இவற்றில் பல இப்போது தீர்ப்பு மட்டுமல்ல, சட்டமாகவே எழுதப்பட்டுவிட்டன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தார்கள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா) சட்டத்தில் 36 முதல் 38 வரையும் 47, 48 பிரிவுகளிலும் இருக்கின்றன. ‘அந்தச் சட்டமெல்லாம் மாறிடுச்சு’ என்று யாராவது சொன்னால் எண்தான் மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது அரசமைப்பின் 21வது பிரிவு, உயிரும் சுதந்திரமும். 1950இல் அதே பிரிவைக் காட்டித்தான் சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். சட்டசபையோ பாராளுமன்றமோ ஒரு நடைமுறையை இயற்றிவிட்டால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்தார்கள், ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் 1978 ஜனவரியில்தான் அது மாறியது: நடைமுறை நியாயமானதாக, நேர்மையானதாக இருக்க வேண்டும், அதிகாரி இஷ்டத்துக்கு இருக்கக் கூடாது என்றார்கள். அந்தக் கதவு திறந்த பிறகுதான் நீலாவதியும் ஜோகிந்தரும் பாசுவும் வர முடிந்தது.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

24 மணி நேரம் வரை யாரையும் வைத்திருக்கலாம் என்று உங்கள் ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள், ஸ்டேஷனிலேயே சொல்லியிருப்பார்கள். தவறு. 24 மணி என்பது கைது செய்த ஒருவரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவதற்கான கடைசிக் கெடு, அதற்குள்ளேயும் சூழ்நிலைக்கு நியாயமான நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றுதான் பி.என்.எஸ்.எஸ். 58வது பிரிவில் இருக்கிறது. காரணமே எழுதாமல் ஒருவரை ஒரு ராத்திரி உட்கார வைக்க அது லைசென்ஸ் அல்ல. உங்கள் மகன் போக விரும்பினால் எழுந்து போக முடிந்திருக்குமா என்று அவனிடம் கேளுங்கள். முடியாது என்றால் அது காவல்தான், பெயர் என்ன வைத்தாலும்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியதாகக் குற்றம் சாட்டினாலும் அதற்கு அதிகபட்சத் தண்டனை மூன்று வருஷம். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது, முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும், கைது அவசியம் என்றால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டும் கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் செய்யக் கூடாது. இது 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. இப்போது அந்த நோட்டீஸ் அதே சட்டத்தின் 35(3)வது பிரிவில் வருகிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது, முறைப்படி கையில் சேர்க்க வேண்டும் என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ‘தினமும் வந்து உட்கார்’ என்று வாயால் சொல்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. நாளைக்கு அவன் தனியாகப் போக வேண்டாம். வக்கீலோடு போய், எந்த வழக்கு, குற்ற எண் என்ன, எந்தத் தேதி எந்த நேரம் வர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன் என்று சொல்லட்டும். குற்ற எண் இல்லை, எஃப்.ஐ.ஆர். போடவில்லை, வெறும் சி.எஸ்.ஆர்.தான் (புகார் வந்ததற்கான பதிவு) என்று பதில் வரலாம், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, முறையான நோட்டீஸ் வந்தால் தவறாமல் போக வேண்டும். ஊரைவிட்டு அனுப்பிவைக்கும் யோசனை மைத்துனருக்கு இருந்தால் இப்போதே மறுத்துவிடுங்கள், நோட்டீஸுக்குப் போகிறவரைச் சாதாரணமாகக் கைது செய்ய முடியாது, போகாதவரைச் செய்யலாம். பின்னால் ஒருவேளை கைதே செய்தாலும், காரணத்தை அவனுக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும், ரிமாண்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது அது கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் வந்த தீர்ப்பும் இருக்கிறது.

உங்கள் மனைவியைக் கூப்பிடவே முடியாது. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் பெண்ணை அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும், 60 வயது தாண்டிய ஆணையும் அப்படித்தான், அதாவது உங்களையும். பி.என்.எஸ்.எஸ். 179வது பிரிவு. 1978இல் நந்தினி சத்பதி வழக்கில், முன்னாள் முதலமைச்சரான ஒரு பெண்ணையே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதை நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். தன்னைத்தானே குற்றவாளியாக்கும் கேள்விக்கு ஸ்டேஷனிலும் வாய் திறக்காமல் இருக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அம்மாவைக் கூட்டி வா என்பது பெரும்பாலும் மிரட்டலுக்காகச் சொல்வது, பையன்கள் அதில்தான் உடைந்துபோவார்கள். அவர் போக வேண்டாம்.

வெள்ளைத்தாள் கையெழுத்தைப் பற்றி ரொம்பப் பயந்திருக்கிறீர்கள். போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதினால் அதை வைத்து அவனைத் தண்டிக்க முடியாது, அந்த ஒப்புதல் சாட்சியமாகவே ஏறாது. அவன் சொன்னதால் ஒரு பொருளைக் கண்டெடுத்தோம் என்று காட்டினால் அந்தப் பகுதி மட்டும் ஏறும், அங்கேதான் கவனம் வேண்டும். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. என் அனுபவத்தில் அந்தத் தாள் பெரும்பாலும் வேறு ஒன்றுக்குப் போகும்: ‘என்னை யாரும் அடிக்கவில்லை, விசாரணை முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போகிறேன்.’ அதனால்தான் இதைத் தள்ளிப்போடாமல் எழுத்தில் வைக்க வேண்டும், அந்தத் தாளில் யாராவது எதையாவது நிரப்புவதற்கு முன்னால், இன்ன தேதி இன்ன மணிக்கு எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்ற உங்கள் கடிதம் தபாலில் ஏறியிருக்க வேண்டும்.

போனைக் கைப்பற்றினால் மகஜர், அதாவது சாட்சிகள் முன்னால் கைப்பற்றல் குறிப்பு, எழுத வேண்டும், இப்போதைய சட்டப்படி அதை வீடியோவும் எடுக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். வழக்கு என்று ஒன்று இருந்தால் பொருளைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், வழக்கே இல்லாமல் வைத்திருந்தால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆஸ்பத்திரி. நாளை காலை முதல் வேலையாக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். உங்களிடம் சொல்லாததை டாக்டரிடம் சொல்லக்கூடும், நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள், 23 வயதுப் பையனுக்கு அப்பா முன்னால் சட்டையைக் கழற்றிக் காட்டுவது அவ்வளவு லேசு இல்லை. அடித்திருந்தால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதியச் சொல்லி, ஏ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள். உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் காயத்தின் நிறம் மாறிவிடும், அதனால்தான் நாளைக்கே என்கிறேன்.

கேமராவை மறந்துவிடாதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே அதை வழக்காக எடுத்தது. விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர், ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் சிசிடிவி பதிவு அன்றன்றைக்கே அழியும்படி வைத்திருந்ததாக அறிக்கை கொடுத்தார். அந்த வருஷம் டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி என்ற வேறொரு வழக்கில், ஸ்டேஷன் வாசல், லாக்கப், வராந்தா என்று ஒரு இடம் விடாமல் படமும் ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவியில் அவ்வளவு இடம் இல்லாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவைப் பாதுகாத்து வையுங்கள் என்று நீங்கள் எழுதிக் கேட்ட பிறகு அது அழிந்தால், அழிந்ததே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

இப்போது கடிதம். பெரிய சட்ட மொழி வேண்டாம், தமிழில், உங்கள் மகன் கையெழுத்தில், ஒரு பக்கம் போதும். இன்ன நாள் இரவு இத்தனை மணிக்கு இன்னாருடைய வீட்டிலிருந்து இரண்டு காவலர்கள் என்னை அழைத்துப் போனார்கள், நோட்டீஸோ கைதுக் குறிப்போ தரவில்லை, மறுநாள் இத்தனை மணி வரை ஸ்டேஷனில் இருந்தேன், எழுதாத தாளில் என் கையெழுத்து வாங்கப்பட்டது, என் போன் ரசீது இல்லாமல் வைத்துக்கொள்ளப்பட்டது, தினமும் வரச் சொல்கிறார்கள், என் தாயாரை வரச் சொன்னார்கள், சட்டப்படி நோட்டீஸ் தந்தால் ஆஜராகத் தயாராக இருக்கிறேன், அந்த இரண்டு தேதிகளின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்க வேண்டுகிறேன். நடந்ததை மட்டும் எழுதுங்கள், கூட்டாதீர்கள், ஒரு பொய் கலந்தால் மற்றதெல்லாம் கெட்டுவிடும். மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, உங்கள் பகுதி மாஜிஸ்திரேட்டுக்கு நகல் ஒன்று, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று. ரசீதுகளை அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். அதற்கும் தொல்லை நிற்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம், விசாரணை என்ற பெயரில் தொல்லை செய்யாதே என்று கேட்டு மதுரைக் கிளையில் போடும் மனுக்கள் வழக்கமானவைதான்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போய் உட்காருங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு, வெளியே இருப்பவருக்கு வருமான வரம்பு உண்டு, நீங்கள் அதற்குள் வருவீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் மைத்துனர் மீது எனக்குக் கோபம் இல்லை. எழுதினால் வம்பு வரும் என்ற பயம் நேற்று முளைத்ததல்ல, சில இடங்களில் வம்பு வந்தும் இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். ஆனால் நான் இத்தனை வருஷம் பார்த்த வரையில், எழுதாத வீட்டுப் பையனைத்தான் மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள், ஏனென்றால் அந்த வீட்டில் கேட்க ஆள் இல்லை என்று ஒரு தடவை தெரிந்துவிட்டது. எஸ்.பி. அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதத்துக்கு அறிக்கை கேட்டு ஒரு தாள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால், பதில் எழுத வேண்டியவர் ரைட்டரும் இன்ஸ்பெக்டரும்தான், அதற்கப்புறம் உங்கள் மகனை வாயால் கூப்பிட அவர்கள் யோசிப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா வந்தார், பெயரும் ஊரும் வேண்டாம். மகனை சனிக்கிழமை ராத்திரி பிடித்திருந்தார்கள், கைது ஞாயிறு காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் என்று ரிக்கார்டு. ராத்திரியே பிடித்துவிட்டார்கள் என்பதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் அவர், ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் நாலு இட்லி பார்சல் வாங்கி ஏட்டு கையில் கொடுத்தனுப்பினேன், பையன் சாப்பிட்டானோ என்னவோ என்றார். காசு எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மகள் போனிலிருந்து ஜிபே. எடுத்துப் பார்த்தால் சனிக்கிழமை இரவு 9.12, நாற்பது ரூபாய், கடையின் பெயரோடு. மாஜிஸ்திரேட் அந்தத் திரையை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு, பையனைக் கிட்டே கூப்பிட்டு, உன்னை எப்போ கூட்டிட்டு வந்தாங்க என்று கேட்டார். அவன் சொன்னதையும் அந்த 9.12ஐயும் தன் உத்தரவில் எழுதினார்.

நீங்களும் அந்த ராத்திரி சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். சாப்பாடோ மாற்றுச் சட்டையோ எடுத்துப் போனீர்களா, யார் வாங்கி வைத்தார்கள், எந்தக் கடை, எத்தனை மணி? மகனிடமும் கேளுங்கள், உள்ளே யார் டீ வாங்கிக் கொடுத்தது, அது எந்த நேரம். ஞாபகம் வருவதையெல்லாம் அந்தக் கடிதத்தில் சேர்த்துவிட்டு, தபால் ஆபீஸ் திறந்ததும் போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.